தோட்டத்துக்கு ஒரே பதில்

போன ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் சாப்பாட்டுக் கடையில் நான் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஒருத்தி. சட்னி பிடிக்கவில்லை என்று இன்னொருத்தி. மருமகள் போன் போட்டு விரட்டினாள் என்று மூன்றாமவள். மூன்றும் பொய். நம் தோட்டத்து ஆட்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லியா தரவேண்டும்? அதனால் நானே எழுதி இந்தக் குழுவில் போட்டுவிடுகிறேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பலகை மாதிரி அகலமான போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நம் மேசைக்கு வந்தாள். காம்பாரில் படிக்கிறாளாம். ஒரு நாட்டுக்கு அதிகாரப்பூர்வ மொழி என்று ஒன்று இருக்கத்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் ஒன்று போதுமா, பல வேண்டுமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு வருகிறாளாம். தமிழில்தான் கேட்டாள். நாம் நாலு கிழவிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் ஜாடை காட்டவில்லை. ஆனால் நாலு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் மலாய்தான் வந்தது.

"சத்து பஹாசா. பஹாசா கெபங்சாஆன்."

ஒரே மொழி. தேசிய மொழி. அறுபது வருடம் ஆகப்போகிறது, ஒரு சொல் பிசகவில்லை. நீங்கள் மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தப் பெண் எதையோ தட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வாயில் இருந்த தோசையும் இறங்கவில்லை. அந்தப் பதிலை நம் வாயில் வைத்தது யார், எதற்கு வைத்தார் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா, அல்லது மறந்த மாதிரி இருக்கிறீர்களா? மறந்த மாதிரி இருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்கிறீர்கள். இருக்கட்டும். பேங்கிலிருந்து கூப்பிடுகிறோம் என்பவனிடம் அவன் அம்மா பெயரைக் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன். கேஸ் தோம்பைக் கொண்டுவருகிறவன் வாசலில் நின்றால் வண்டி நம்பரை மனப்பாடம் செய்வேன். இந்தக் குணம் எனக்குத் தாய்ப்பாலில் வரவில்லை. பெரட்டில் வந்தது. இருட்டு விலகும் முன்னே தோட்டத்து ஆட்களை எல்லாம் வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுக் களத்தில்.

அது கித்தா மரங்கள், அதுதான் ரப்பர் மரங்கள், இலை கொட்டும் காலம். ஞாபகம் இருக்கிறதா? பச்சை இலை செம்பு நிறமாகி, ஒரு காற்றுக்குக் காடே மொட்டையாகிவிடும். அதுவரை வானத்தையே பார்க்காத நம் லயத்து வாசலில் வெயில் வந்து விழும். கணுக்கால் வரை காய்ந்த இலை. அந்த மாதத்தில் மட்டும் யாரும் யார் வீட்டுக்கும் சத்தமில்லாமல் போக முடியாது. மொறமொறவென்று கேட்டதுமே உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மரத்தில் பால் குறைவு என்பதால் ஆண்கள் வெயில் ஏறும் முன்னே வீடு திரும்பி, ஒட்டுப்பால் நாறும் கையோடு உட்கார்ந்து பேசுவார்கள். எங்கே போனாலும் ஒரே பேச்சு. சிவப்பா, நீலமா?

இங்கே பிறந்து குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல ஐசி, அதாவது அடையாள அட்டை. கப்பலில் வந்தவர்களுக்குச் சிவப்பு. அப்பாவுக்கு நீலம். அம்மாவுக்குச் சிவப்பு. அம்மா கைக்குழந்தையாகக் கப்பல் ஏறி வந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால் மாவட்டத்தைத்தான் சொல்வார், ஊர் சொல்லத் தெரியாது. நீலம் வேண்டுமென்றால் ஈப்போவில் ஓர் அதிகாரி முன்னால் போய் நின்று மலாய் பேசிக் காட்ட வேண்டும். தேசிய மொழிக்குச் சட்டம் வருகிறது, அதற்கப்புறம் சிவப்புக்காரர்களை எல்லாம் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று ரேடியோ வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். ரேடியோ அப்படிச் சொன்னதா, அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்களா, யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. இலையைக் குவித்து அதைக் கப்பல் என்போம். ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர் சிவப்பு, போய்க் கப்பலில் உட்கார வேண்டும். உங்களில் இரண்டு பேர் என்னை மட்டும் குறிவைத்துப் பிடித்தீர்கள். யார் என்று இப்போது சொல்லவா?

அந்த நேரத்தில்தான் கேள்விக்காரர் வந்தார். நாம் வைத்த பேர்தான் அது. இருபது இருபத்திரண்டு வயதுப் பையன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இலைமேல் நடந்து வந்த சத்தம் கேட்டு எல்லா வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, தேய்க்காத கால்சட்டை, புழுதி படிந்த சப்பாத்து. கோலாலம்பூரில் படிக்கிறேன், படிப்புக்காகக் கருத்துக் கேட்க வந்திருக்கிறேன் என்று தமிழில் சொன்னார். நம் தமிழ் இல்லை, வாத்தியார் தமிழ். நாட்டுக்கு எத்தனை மொழி அதிகாரப்பூர்வமாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அன்று அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. தண்டலைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெளியாள் எது கேட்டாலும் நம் தோட்டத்துக்கு ஒரே பதில்தான் உண்டு, அந்தப் பதிலைத் தண்டல்தான் வைப்பார். வேலையை மேய்க்கிறவர், நம் ஆள்தான், ஆனால் துரையிடம் பேசத் தெரிந்தவர். நாற்றங்காலில் ஆடு மேய்ந்துவிட்டது, யாருடைய ஆடு என்று துரை கேட்டபோது தோட்டத்தில் யாருக்குமே ஆடு இல்லாமல் போனதே! எல்லா ஆட்டையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு, கத்துகிற குட்டியின் வாயைப் பொத்திக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்கவில்லையா? அந்த வழக்கம் நம்மைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தண்டல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நேத்து வந்தவன் படிக்கிற பையன்னு சொல்றான். படிக்கிறவனுக்கு நம்ம பதில் எதுக்கு? இது நீல ஐசிக்கு ஆள் பாக்குற வேலை லா. யாரு வாயில என்னா வருதுன்னு எழுதிக்கிட்டுப் போயி ஈப்போவுல குடுப்பான்."

"அப்ப என்னா சொல்றது அண்ணே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"சத்து பஹாசா, துவான். பஹாசா கெபங்சாஆன். அம்புட்டுதான். அவன் தமிழ்ல கேட்டாலும் மலாய்ல சொல்லு. வேற என்னா கேட்டாலும் இதையே சொல்லு."

அன்று பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டே எல்லாரும் அதை உருப்போட்டார்கள். பால்வாளியைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நடக்கும்போது அந்த நடைக்கு ஏற்றபடி சொன்னார்கள். நாமும் கயிறு தாண்டிக்கொண்டே சொன்னோம். பொருள் தெரிந்தவர்கள் பாதிப் பேர் இருந்தால் அதிகம்.

கேள்விக்காரர் அடுத்த வாரம் திரும்ப வந்தார். லயத்தின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். நாம் பின்னாலேயே போனோம்.

"அண்ணே, நாட்டுக்கு எத்தனை மொழி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

"சத்து பஹாசா, துவான்."

"நான் துவானும் இல்லை, துரையும் இல்லை அண்ணே. தமிழிலேயே சொல்லுங்கள். தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அது வேண்டுமா வேண்டாமா?"

"பஹாசா கெபங்சாஆன், துவான்."

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டில் பல் போன தாத்தா ஒருவர் கேள்வி வரும் முன்னே பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வெயிலில் அந்தப் பையனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தமிழைத் தவிர வேறு எதிலும் கனவுகூடக் காணாத ஒரு தோட்டம் முழுக்க அவரிடம் தமிழ் வேண்டாம் என்று மலாயில் சொன்னது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நம் கருத்து என்று அது எங்கேயோ சேர்ந்திருக்கும். யாராவது அதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே, இவர்களுக்கே வேண்டாமாம் என்று சொல்லியிருக்கலாம்.

கடைசி வீடு எங்களுடையது. அப்பா பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் போயிருந்தார். அம்மா காலில் உளி பட்டுத் துணி சுற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். கேள்விக்காரர் வாசலிலேயே நின்றார். அம்மா அவருடைய சப்பாத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"உன்னைய யாரு அனுப்புனா தம்பி?"

"யாரும் அனுப்பவில்லை அக்கா. என் படிப்புக்குத்தான்."

அம்மா அதை நம்பவில்லை. நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும், உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்தார். ஆனாலும் உட்காரப் பலகையைத் தள்ளிப் போட்டார். நீல விளிம்பு போட்ட எனாமல் குவளையில் பால் கலக்காத கோப்பி ஓ ஊற்றிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு என்று இருந்தது அந்த ஒரே குவளைதான். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

"எல்லா வீட்டிலும் ஒரே பதில் சொல்கிறார்கள் அக்கா. நீங்களும் அதையே சொல்வதாக இருந்தால் நான் இப்படியே கிளம்பிவிடுகிறேன்."

நாள் முழுக்க அலைந்தும் ஒரு சேலைகூட விற்காத துணிக்காரரிடம் அம்மா காட்டுகிற முகம் ஒன்று உண்டு. அந்த முகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பலகைச் சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். பேசப் பேசக் குரல் ஏறிவிட்டது.

"எழுதிக்க. நாட்டுக்குப் பொதுவா ஒரு மொழி வேணும். அது மலாயா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. நானே பாசார்ல மலாய்லதான் கீரை விக்கிறேன். ஆனா அந்த மலாய் கீரைக்குத்தான் பத்தும். போன வருசம் சின்னவன் கித்தாக் கொட்டையத் தின்னுட்டு வாயில நுரை தள்ளிட்டான். டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். என்னா தின்னான்னு கேக்குறாங்க. எனக்குக் கங்கோங் கீரை தெரியும், பாயாம் கீரை தெரியும், கித்தாக் கொட்டைன்னு சொல்லத் தெரியல. காய்ச்சலுன்னு நெனச்சு மருந்து கலக்குறாங்க. அந்த நேரம் பாத்து தரை கூட்டுற அக்கா ஒருத்தி வந்தா. நம்ம ஆளு. அவ எடுத்துச் சொன்னா, இவன் பொழச்சான்."

பக்கத்தில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நின்ற தம்பியின் தலையில் கையை வைத்தார்.

"அவ அன்னைக்கு வேலைக்கு வராம இருந்திருந்தா? அதனால ஆஸ்பத்திரி, போலீசு, கோர்ட்டு, இங்கெல்லாம் நான் வாயத் தொறந்தா வெளங்கிக்கிறதுக்கு ஆள் இருக்கணும். கூட்டுறவ வந்தா உண்டு, வராட்டி இல்லன்னு இருக்கக் கூடாது. சட்டத்துல இருக்கணும். இதுதான் என் கருத்து. வேற எவன் கருத்தும் இல்ல."

தம்பி, நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். காலையில் வணக்கம் போடுவதோடு நிறுத்திவிடாமல் இதையும் படி. பேசப்பட்டது உன்னைப் பற்றித்தான்.

கேள்விக்காரர் வேகமாக எழுதினார். அவருடைய பென்சில் நின்ற பிறகுதான் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

அப்பா ஸ்டோரிலிருந்து திரும்பும்போது விஷயம் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. தண்டலும் கூடவே வந்தார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தங்கச்சி, உன் கருத்து நல்ல கருத்தாவே இருக்கட்டும். ஆனா ஒருத்தி பதில் மாறிட்டா மத்தவன் சொன்னதெல்லாம் சொல்லிக்குடுத்த பதில்னு தெரிஞ்சிராதா? இப்ப மொத்தத் தோட்டமும் பொய்யி."

"அவன் இவ பேர எழுதுனான் அண்ணே. நான் பலகைச் சந்து வழியாப் பாத்தேன்," என்றார் பெரியம்மா. பெரியம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. அன்று அதை யாரும் கேட்கவில்லை. எனக்கே இந்த வயதில்தான் தோன்றுகிறது.

அப்பா அம்மாவை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்த எனாமல் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். சில நாள் கழித்து அவர் பால் வெட்டும் நிரையில் பார்த்தேன். பால் பிடிக்கும் மங்கு உடைந்துபோன ஒரு மரத்தில், கம்பி வளையத்துக்குள் அந்தக் குவளையை வைத்திருந்தார். அதில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. நீல விளிம்பில் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பாலாச்சும் புடிக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். செம்பனை நடுவதற்காக அந்த மரங்களைச் சாய்த்தபோது குவளையும் மண்ணோடு போயிருக்கும்.

அதற்கப்புறம் அம்மாவோடு தண்ணீர்க் குழாயில் யாரும் சரியாகப் பேசவில்லை. உங்கள் அம்மாக்கள்தான். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லாருக்கும் பயம். அம்மாவும் மாறிப்போனார். வாசலில் இலை மொறுமொறுத்தால் எழுந்து கதவைச் சாத்தினார். தெரியாத சைக்கிளைக் கண்டால் எங்களை உள்ளே இழுத்துக்கொண்டார். கீரை விற்கப் போவதை நிறுத்தினார்.

மரங்கள் தளிர்த்து, பூத்து, காய் வெடிக்கும் காலம் வந்தது. பட்டென்று வெடித்துக் கொட்டைகள் தகரக் கூரைமேல் உருளும். அந்தச் சத்தத்துக்குக்கூட அம்மா திடுக்கிட்டார். அப்போதுதான் நீல ஐசிக்கு ஈப்போவிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா வாரம் முழுக்கப் பாடம் நடத்தினார்.

"வீட்டுல என்னா பாஷைன்னு கேப்பான். மலாய்னு சொல்லு. கீரை விக்கிறியான்னு கேப்பான். இல்லன்னு சொல்லு, லைசென்ஸ் இல்ல. வேற எதைக் கேட்டாலும் சத்து பஹாசா. அன்னைக்குப் பேசுன மாதிரி வாயக் குடுத்து மாட்டிக்காத."

பஸ்ஸில் போனோம், அம்மா, அப்பா, நான். அந்த ஆபீசில் மெழுகு போட்ட தரை, தலைக்குமேல் கிறீச்சிடுகிற காற்றாடி, தொண்டையைக் கரகரக்க வைக்கிற மைவாசனை. அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அம்மா என் கையை விடாததால் என்னையும் உள்ளே விட்டார்கள். அதிகாரி வயதானவர், சொங்கோக் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. மலாய்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். கொஞ்சம் பாசார் மலாய் தெரிந்த எனக்கே புரிந்தது.

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார். தேசிய மொழி, துவான் என்றார் அம்மா. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பாசாருக்குப் போவீர்களா, கங்கோங் என்ன விலை என்று கேட்டார். கீரை என்றதும் அம்மாவின் விரல்கள் என் கையில் இறுகின. தெரியாது, துவான். நான் எதுவும் விற்பதில்லை, துவான். விற்கிறீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. அவர் பேனாவை மூடிவைத்தார். சரி, ஏதாவது பேசுங்கள், என்ன சமைத்தீர்கள், பிள்ளை என்ன படிக்கிறாள், எதுவானாலும் சரி என்றார்.

"சத்து பஹாசா, துவான். பஹாசா கெபங்சாஆன்," என்றார் அம்மா.

அவர் பெருமூச்சு விட்டு ஃபைலை மூடினார். இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டு அடுத்த தடவை வாருங்கள் என்றார். சலித்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது, கோபித்த மாதிரி இல்லை. கீரைக் கூடையோடு உட்கார்ந்து, சீனக் கிழவியிடமும் மலாய்க்கார மக்சிக்கிடமும் மலாயிலேயே பேரம் பேசிச் சிரிக்கிற அம்மா, அன்று அதில் கால்வாசி பேசியிருந்தாலும் வெளியே வரும்போது நீலத்தோடு வந்திருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்த மனிதர் அம்மாவைப் பேசவைக்கத்தான் பாடுபட்டார். அப்படித்தானா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். அவரையும் நான் முழுசாக நம்பவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. கீரை வரைக்கும் கேக்குறாரு பாரு. அந்தப் பையன் என் பேர எழுதிக் குடுத்துட்டான்."

அப்பா, "நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார். வேறு யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. தோட்டத்துக்கே அதுதான் முடிவு. உண்மையைச் சொன்னதால் அம்மாவுக்கு நீலம் போயிற்று.

பிறகு சிவப்புக்காரர்கள் வேலை செய்வதற்கு பெர்மிட் வேண்டும் என்றார்கள். சிலர் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் ஏறினார். சொல்லிக்கொடுத்த பதிலை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னவர்தான் அவர். போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்தும் நமக்குப் புத்தி வரவில்லை. பதிலுக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர்கூட வாய்திறந்து சொல்லவில்லை.

அம்மா போகவில்லை. ஆனால் மரம் வெட்டும் வேலை போயிற்று. நீலத்துக்குத் திரும்ப எழுதிப் போடச் சொல்லி நானும் தம்பியும் எத்தனையோ தடவை கெஞ்சினோம். "அங்க என் பேரு இருக்கு, விடு," என்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பாவின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை வாசலில் நிற்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டதே இல்லை. எங்களுடைய ஈப்போ வீட்டில்தான் இறந்துபோனார், சிவப்பு ஐசியோடு. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன கேட்டாலும் என்னைப் பார்ப்பார். நான் சொன்ன பிறகுதான் தலையாட்டுவார். அவருக்கு மலாய் தெரியாமல் இல்லை. பேசினால் எழுதிக்கொள்வார்கள் என்று பயம்.

இப்போது தோசைக்கு வருகிறேன்.

நாம் நாலு பேரும் ஒரே குரலில் அந்தப் பதிலைச் சொன்னோமே, அப்போது என் காதில் விழுந்தது அந்த ஆபீசில் கேட்ட அம்மாவின் குரல். எழுந்தேன். கடைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அந்தப் பெண் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி, எதாச்சும் விட்டுட்டீங்களா?"

"பதில மாத்தணும். முடியுமா?"

"முடியும் ஆன்டி. சொல்லுங்க."

"இரு. உன்னைய யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல ஆன்டி. என் படிப்புக்குத்தான்."

அதே பதில். நான் அவள் காலணியைப் பார்த்தேன். வண்டி நம்பரையும் மனப்பாடம் செய்துகொண்டேன், அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம்தான் சொன்னேன். பொதுவாக ஒரு மொழி வேண்டும், அது மலாயாக இருக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் கோர்ட்டிலும் ஒருத்தி தன் பேச்சில் பேசினால் புரிந்துகொள்ள ஆள் இருக்க வேண்டும், கூட்டுகிறவள் வந்தால் உண்டு என்று இருக்கக் கூடாது, சட்டத்தில் இருக்க வேண்டும். அவள் குனிந்து தட்டிக்கொண்டே வந்தாள். கூட்டுகிறவள் என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது என் பதில் இல்லம்மா. எங்கம்மாவோடது. அவங்க பேரப் போட்டுக்க."

அம்மாவின் பெயரைச் சொன்னேன். சிவப்பு ஐசியில் இருந்தபடியே, தகப்பன் பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னேன். தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். அவள் விரல் போன் கண்ணாடிக்கு மேலேயே நின்றது.

"ஆன்டி, இதுல பேர் போட எடமே இல்ல. இந்த மாதிரி கருத்துக் கேக்குறப்ப யாரு பேரும் கேக்க மாட்டோம் லா."

"இப்பத்தான் அப்படியா?"

"எப்பவுமே அப்படித்தான் ஆன்டி. பேரு தெரிஞ்சா யாரு உண்மையச் சொல்வாங்க?"

அந்தக் கேள்விக்காரர் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டார். பெயரைக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை.

அந்தப் பெண் போக வேண்டும் என்று வண்டியைக் கிளப்பினாள். நான் அதன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "ஆன்டி, கைய எடுங்க," என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது தோசை ஆறியிருந்தது.